அஞ்சாம் நம்பருக்குக் கேக்குதாம்

அந்த ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் மூன்று ஃப்ரிட்ஜ், பதினோரு ரேக், ஒரே ஒரு இரும்பு அலமாரி. அலமாரிக்கு ஒரு பூட்டு. அதன் சாவி தலைமை மருந்தாளுநரான அம்மாளின் அடையாள அட்டைக் கயிற்றில் தொங்கும். தூங்கும்போதாவது கழற்றி வைப்பாளா என்று டாக்டர்களுக்குள் ஒரு சர்ச்சையே நடந்ததாகக் கேள்வி. முதுகுக்குப் பின்னால் அவளுக்குப் பெயர் பூட்டம்மா. நேருக்கு நேர் ஒருத்தராவது அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும் என்று அவளும் பல வருஷமாகக் காத்திருந்தாள். அந்தத் தைரியம் அவளுடைய அக்கா புருஷனைத் தவிர வேறு யாருக்கும் வரவில்லை.

அலமாரிக்குள் இருந்தது ஓர் ஊசி மருந்து. மற்ற ஆன்டிபயாடிக் எல்லாம் கையை விரித்த பிறகு, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்று வைத்திருந்தது. பெட்டியில் அச்சடித்திருந்த பெயர் வாயில் நுழையாது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லோரும் அதைக் 'கடைசி' என்றுதான் சொன்னார்கள்.

பூட்டு சும்மா வந்துவிடவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் கடைசி திறந்த ரேக்கில்தான் இருந்தது. யாருக்குக் கொஞ்சம் உடம்பு சுட்டாலும், எதற்கு வம்பு என்று அதையே ஏற்றினார்கள். ஏற்றினவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கண்ணெதிரே ஒருத்தர் மூச்சுக்குத் திணறும்போது நாளைக்கு வரப்போகிற நோயாளியை யார் நினைப்பார்கள்? ஆனால் கிருமிகள் நினைத்தன. அடிக்கடி பார்த்த மருந்துக்கு அவை பழகிப்போயின. ஒரு மழைக்காலத்தில் அடுத்தடுத்து நாலு படுக்கைகளில் ஒரே கிருமி, கடைசிக்கும் அசையாத கிருமி. நாலு பேரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். பிரிவை ஒரு மாதம் மூடிப் போட்டு, சுவரிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை சுரண்டிக் கழுவினார்கள். அந்த மூன்று பேருக்கும் கடைசி நாள் வரை மருந்து எடுத்துக் கொடுத்தவள் பூட்டம்மாதான். பூட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவளும் அவள்தான்.

விதி இதுதான். நோயாளியிடமிருந்து எடுத்த சளியையோ ரத்தத்தையோ லேப்பில் தட்டில் வளர்ப்பார்கள். அந்தக் கிருமி வேறு எந்த மருந்துக்கும் மடங்காது என்று லேப் சொன்னால்தான் அலமாரி திறக்கும். பெரிய டாக்டர் உட்பட எல்லோரும் கையெழுத்துப் போட்ட விதி.

இந்த இடத்தில் ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மில் யாருக்காவது மாத்திரை வேலை செய்தால், மாத்திரை 'கேக்குது' என்போம். இருமல் நிற்கவில்லை என்றால், எந்த மருந்துக்கும் 'கேக்கல' என்போம். லேப்பிலும் அதே பேச்சுதான். கிருமி பரப்பிய தட்டில் மருந்து தோய்த்த குட்டிக் குட்டிக் காகித வட்டங்களை வைப்பார்கள். ஒரு வட்டத்தைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவாக இருந்தால், அந்த மருந்து கேட்கிறது. வட்டத்தின் விளிம்பு வரை மொசுமொசுவென்று வளர்ந்திருந்தால், கேட்கவில்லை.

மருந்தகத்திலும் அதே வார்த்தை உண்டு, ஆனால் அங்கே அதற்கு வேறு அர்த்தம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, படுக்கை எண்தான். படுக்கைகள் நாள் முழுவதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். "மேடம், ரெண்டாம் நம்பர் ரத்தம் கேக்குது." "ஏழாம் நம்பருக்கு வலி ஊசி கேக்குது." இதில் பாதிக் கேள்விகள் கடைசியைப் பற்றியவை. பூட்டம்மா அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறை மறுப்பாள். மறுத்தது சரிதான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு முறை பின்னால் தெரியவும் வரும். சரியாக இருப்பது ஒரு பழக்கமாகிவிட்டால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும் போலிருக்கிறது.

அவளுடைய அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஆஸ்பத்திரி லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். கருவி எதையும் எடுக்க மாட்டார். முதலில் கதவில் காதை வைத்து, ஒரு தடவை மேலே போகச் சொல்லி, ஒரு தடவை கீழே வரச் சொல்லிக் கேட்பார். "மூணாவது மாடி தாண்டுறப்ப முனகுது. பேரிங் போகப்போகுது, ரெண்டு மாசம் தாங்கும்" என்பார். ரெண்டு மாசத்தில் போகும். அவருடன் வேலை பார்ப்பவர்கள், அவர் காதுக்குத் தனியாகச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று கேலி செய்வார்கள்.

மற்றபடி மனிதர் மருந்துக் கடைகளின் செல்லப்பிள்ளை. தொண்டை கரகரத்தால் போதும், நேராகப் போய் நாலு மஞ்சள் மாத்திரை வாங்கி, ரெண்டைப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பூட்டம்மா கத்துவாள்.

"மாமா, அது ஆன்டிபயாடிக். ரெண்டு போட்டுட்டு நிறுத்தக் கூடாது. சளிக்கெல்லாம் போடவே கூடாது."

"எனக்கு அதுதான் கேக்கும் பூட்டு. உனக்கென்ன தெரியும்? உடம்பு என்னுது."

"உடம்பு உங்களுது. கிருமி எல்லாருக்கும் பொது."

"பாருடி உன் தங்கச்சிய, கிருமிக்கும் சேர்த்து வக்காலத்து வாங்குறா" என்று அக்காவைப் பார்த்துச் சிரிப்பார். முப்பது வருஷமாக அந்த வீட்டில் இந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தது. யாரும் ஜெயித்ததில்லை.

அவருக்குக் குடல்வால் வெடித்தது. வயிற்று வலி என்று மூன்று நாள் மஞ்சள் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டு, நாலாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆபரேஷன் ஆனது, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள், அஞ்சாம் நம்பர் படுக்கையில் போட்டார்கள். அஞ்சு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, காய்ச்சல் ஏறியது. குழாயிலிருந்து சளியை எடுத்து லேப்புக்கு அனுப்பினார்கள்.

அன்றைக்கு ரவுண்ட்ஸில் சின்ன டாக்டர் ஒருத்தர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "மேடம், உங்க சொந்தக்காரர்தானே. ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே கடைசிய ஆரம்பிச்சுடலாமா?"

"என் சொந்தக்காரர்ங்கறதாலதான் ரெண்டு மடங்கு யோசிக்கணும்" என்றாள் பூட்டம்மா. "நாளைக்கு வேற யாராவது வந்து, உங்க மாமாவுக்கு மட்டும் எப்படிக் குடுத்தீங்கன்னு கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

பெரிய டாக்டரும் தலையசைத்தார். அன்றைய நிலையில் அந்த முடிவில் தப்பில்லை. இதை நான் அவளுக்காகச் சொல்லவில்லை; பின்னால் விசாரித்தவர்களும் இதையேதான் எழுதினார்கள்.

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா அவளை வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாக அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் கால் வீங்கியிருந்தது.

"ஏண்டி, கடைசி மருந்துன்னு ஒண்ணு இருக்காமே?"

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. உன் அலமாரிலதான் இருக்காமே. எடுத்துக் குடேன். குடுத்தா குறைஞ்சா போயிடுவ?"

"அக்கா, என்ன கிருமின்னு தெரியாம அத எடுக்க முடியாது. இன்னைக்கோ நாளைக்கோ தெரிஞ்சிடும்."

"தெரியறதுக்குள்ள அவர் போயிட்டா, யாருக்குக் குடுப்ப?"

பூட்டம்மா கயிற்றில் தொங்கிய சாவியைப் பிடித்துக்கொண்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உனக்கு ஊரெல்லாம் ஒண்ணு, நாங்க ஒண்ணு. நல்லாரு. சாவியக் கட்டிக்கிட்டு நல்லாரு."

இந்தப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டுதான் அவள் மருந்தகத்துக்கு வந்தாள். உட்கார்ந்து ஃப்ரிட்ஜின் சூட்டுக் கணக்கைக் குறிக்க ஆரம்பித்தாள். ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டு, அடித்து மறுபடி எழுதினாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆனால் கவுன்டரில் ரேடியோ இருந்தார், அதனால் அழவில்லை.

ரேடியோ என்பவர் மருந்தகத்து எழுத்தர். தொலைபேசி எடுப்பது அவர் வேலை. எடுத்துக் காதில் வைத்தபடியே, வந்த செய்தியை அப்படியே அறை முழுக்க ஒலிபரப்புவார். ஒரு எழுத்து கூட்ட மாட்டார், குறைக்கவும் மாட்டார். அதில் அவருக்குப் பெருமை.

பத்து இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. கூப்பிட்டது லேப், சேர்ந்து ஒரு மாதமான டெக்னீஷியன் பெண். கையில் அஞ்சாம் நம்பரின் தட்டு. முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவைத்தான் கூப்பிட்டாள். அங்கே ரெண்டாம் நம்பருக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள், யாரும் எடுக்கவில்லை. கடைசி சம்பந்தப்பட்ட முடிவு என்றால் மருந்தகத்துக்கும் சொல்ல வேண்டும் என்று விதியில் இருந்ததால், சரி, அங்கே சொன்னால் பூட்டம்மாவே பார்த்துக்கொள்வாள் என்று இங்கே கூப்பிட்டாள். சொந்த மாமா வேறு.

"அஞ்சாம் நம்பருக்குக் கடைசிதான் கேக்குது. மேடம்கிட்ட உடனே சொல்லிடுங்க" என்றாள்.

ரேடியோ போனின் வாயைப் பொத்தாமலே திரும்பினார். "மேடம், அஞ்சாம் நம்பருக்குக் கடைசிதான் கேக்குதாம்!"

கூப்பிட்டது யார் என்று அவர் சொல்லவில்லை. 'ஆம்' என்று ஒற்றை ஒலியைச் சேர்த்துவிட்டால் போதும், யார் சொன்னது என்று நம் பேச்சில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. பூட்டம்மாவும் விசாரிக்கவில்லை. அக்கா சின்ன டாக்டரிடம் போய் அழுதிருக்கிறாள், அவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார், இதுதான் அவளுக்குத் தோன்றியது. சுர்ரென்று ஏறியது.

"கேக்கட்டும்" என்றாள் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல்.

"கேக்கட்டும்னு சொல்றாங்க" என்றார் ரேடியோ, போனுக்குள்.

லேப் பெண்ணுக்கு மனசு குளிர்ந்தது. ஒரு மருந்தாவது கேட்கிறதே, கேட்கட்டும், மனிதர் பிழைக்கட்டும் என்றல்லவா அந்த அம்மாள் சொல்கிறாள். எல்லோரும் கல் என்கிறார்களே, பாவம் என்று நினைத்துக்கொண்டாள். ரிஜிஸ்டரில் எழுதினாள்: 'மருந்தகத்துக்குத் தகவல் சொல்லப்பட்டது. மணி 10.20. திருப்பிச் சொல்லச் செய்து சரிபார்க்கப்பட்டது.'

ஒரு வார்த்தை பிசகவில்லை. சொல்ல வேண்டியது சொல்லப்பட்டது, திருப்பிச் சொல்ல வேண்டியது திருப்பிச் சொல்லப்பட்டது. அஞ்சாம் நம்பருக்கு மட்டும் மருந்து போகவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு, நுண்ணுயிர் டாக்டர் கையெழுத்துப் போட்ட அறிக்கை கம்ப்யூட்டரில் வந்தது. பூட்டம்மா வழக்கம்போல எண் வாரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அஞ்சாம் எண். பன்னிரண்டு மருந்துகளின் பட்டியல். பத்துக்கு எதிரே 'கேட்காது'. ஒன்றுக்கு எதிரே 'அரைகுறை'. கடைசிக்கு எதிரே 'கேட்கும்'.

அலமாரியைத் திறந்து, மருந்தை எடுத்துக்கொண்டு அவள் மாடிப்படி ஏற நாலு நிமிஷம் கூட ஆகவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. அஞ்சாம் நம்பர் படுக்கையைச் சுற்றி ஆறு பேர் நின்றிருந்தார்கள். நேற்று மாலையிலிருந்தே ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ரெண்டு மருந்துகள் ஓடிக்கொண்டிருந்தன. மாமாவின் விரல்கள் நீலம் பூத்திருந்தன.

பெரிய டாக்டர் அறிக்கையைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார். அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல. "இன்னைக்கு லேப்ப நானே கூப்பிட்டேன். நேத்து பத்து இருபதுக்கே உங்ககிட்ட சொல்லிட்டாங்களாமே?"

"என்கிட்டயா? யாரும் சொல்லலையே."

"ரிஜிஸ்டர்ல இருக்குங்கறாங்க."

"யாரும் சொல்லல டாக்டர்" என்று மறுபடி ஆரம்பித்தாள். நேற்றைய கணக்கில் அடித்து எழுதிய அந்த எண் கண் முன்னால் வந்தது. அதை எழுதும்போது காதில் விழுந்ததும் கூடவே வந்தது.

"கடைசிய ஆரம்பிங்க" என்றார் பெரிய டாக்டர் நர்ஸிடம். பிறகு இவளிடம், "இப்ப இது ஒண்ணு மட்டும் போதாது. ரத்தத்துல ஏறியாச்சு. அந்த அரைகுறையா கேக்குறதையும் சேர்த்து, பெரிய டோஸ்ல குடுக்கணும்."

"கிட்னி ஏற்கெனவே..."

"தெரியும். காதுக்கும் ஆகாதுன்னு தெரியும். வேற வழி இருந்தா சொல்லுங்க."

வேறு வழி நேற்று பத்து இருபதுக்கு இருந்தது.

அக்காவைக் கூப்பிட்டு விளக்கிக் கையெழுத்து வாங்கினார்கள். இந்த ஊசியால் காது கேட்காமல் போக வாய்ப்பு உண்டு, போனால் திரும்பாது என்று பெரிய டாக்டர் ரெண்டு தடவை சொன்னார்.

"உசுரு இருந்தா போதும் சார்" என்றாள் அக்கா. "காது கேக்காட்டி நான் கத்திப் பேசிக்கிறேன். இப்ப மட்டும் மெதுவாவா பேசுறேன்?" என்று அழுதுகொண்டே சிரித்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து உன்ன கண்டபடி பேசிட்டேன்டி. மனசுல வெச்சுக்காத. கேட்ட மறுநாளே எடுத்துக் குடுத்துட்ட பாரு."

பூட்டம்மா கையை உருவிக்கொண்டு லேப்புக்குப் போனாள்.

"நான் சொன்னேனே மேடம்" என்றாள் டெக்னீஷியன் பெண். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அஞ்சாம் நம்பருக்குக் கடைசிதான் கேக்குதுன்னு சொன்னேன். அவரும் சத்தமா திருப்பிச் சொன்னார். நீங்க கேக்கட்டும்னு சொன்னீங்களாம். எனக்கே சந்தோஷமா இருந்துது."

"ஆமா" என்றாள் பூட்டம்மா. "சொன்னேன்."

அன்றைக்கே அவள் சம்பவ அறிக்கை எழுதினாள். தவறு செய்தவர் என்ற கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதினாள். ரேடியோ வந்து கண் கலங்க நின்று, "லேப்லேர்ந்துன்னு ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம் மேடம்" என்றார். "நான் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள் அவள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மறுவாரம் கூட்டம் போட்டு விசாரித்தார்கள். பூட்டு தப்பில்லை, பூட்டு இருக்கட்டும் என்று முடிவானது. இனி போனில் யாரும் 'கேக்குது', 'கேக்கல' என்று சொல்லக் கூடாது. மருந்து 'வேலை செய்யும்', 'வேலை செய்யாது' என்றே சொல்ல வேண்டும், யார் பேசுவது என்று முதலில் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. ரேடியோ அதைப் பிடித்துக்கொண்டு, "மேடம், உங்களுக்கு டீ கேக்... டீ வேணுமான்னு விசாரிக்கிறேன்" என்று தடுமாறினார். பூட்டம்மாவுக்கு அப்போது கூடச் சிரிப்பு வரவில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் பெரிய டாக்டரிடம் நின்றாள். "ஒரு நாள் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா அந்த ரெண்டாவது ஊசி தேவைப்பட்டிருக்குமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பெரும்பாலும் தேவைப்பட்டிருக்காது" என்றார். "குடும்பத்துக்கு இத நான் சொல்லியாகணும்."

"நான் சொல்றேன். என் தப்பு, என் அக்கா."

"எப்ப?"

"அவர் எழுந்து உட்காரட்டும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். அதைச் சொல்ல மறந்துவிட்டேனே, மருந்து கேட்டது. பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது, பதிமூன்றாம் நாள் மூச்சுக் குழாயை எடுத்தார்கள், பதினேழாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். கிட்னி மெல்ல மெல்லத் தேறியது. குழாயை எடுத்த பிறகு முதல் ரெண்டு நாள் அவர் யாருக்கும் பதில் சொல்லாததை மயக்கத்தின் மிச்சம் என்று நினைத்தார்கள். மூன்றாம் நாள் காது டாக்டர் வந்து, தலையில் கருவியை மாட்டிப் பரிசோதித்துவிட்டு, அக்காவை வெளியே கூப்பிட்டார்.

அக்கா அன்றைக்கு அழுதாள், மறுநாள் தேறிக்கொண்டாள். வார்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி மட்டும் இல்லன்னா அந்த மருந்தே கிடைச்சிருக்காது" என்று சொன்னாள். பூட்டம்மா தினமும் சாப்பாட்டு நேரத்தில் வருவாள். அந்த வாக்கியத்தைக் கேட்பாள், தலையைக் குனிந்துகொள்வாள், போய்விடுவாள். அடக்கம் என்று அக்கா நினைத்தாள். இப்படி ஆறு நாள் போயிற்று. மூன்று பேர் செத்த மழைக்காலத்தில் கூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை.

ஏழாம் நாள் மதியம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மாமா இளைத்துப் பாதியாகியிருந்தார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அவரிடம் சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார்கள். அவர் வாயால் பதில் சொல்வார். தன் சத்தம் தனக்கே தெரியாததால் உரக்கச் சொல்வார்.

"வா பூட்டு!" என்றார். நாலு கட்டில் தள்ளி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் நோட்டை வாங்கி எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். அந்தப் புதன்கிழமை, போன், லேப், தான் சொன்ன ஒரு வார்த்தை, இருபத்திரண்டு மணி நேரம், ரெண்டாவது ஊசி. கீழே, 'நேரத்துக்குக் குடுத்திருந்தா உங்க காது போயிருக்காது மாமா. என் தப்பு' என்று எழுதிக் கொடுத்தாள்.

அவர் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். அக்கா, "என்னடி கதை மாதிரி எழுதுற?" என்று எட்டிப் பார்த்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று அவளும் படித்தாள்.

முதலில் பேசியது அக்காதான். கத்தவில்லை. "முப்பது வருஷம்" என்றாள். "முப்பது வருஷமா இந்த மனுஷன் அந்த மாத்திரை கேக்கும், இந்த மாத்திரை கேக்காதுன்னு நம்ம வீட்டுல சொல்லிட்டிருந்தார். தினம் அதுக்கு சண்டை போட்ட. அந்த ஒரு வார்த்தையா உனக்குப் புரியல?"

"புரியலக்கா."

"நான் கேட்டுட்டேன்னு கோவம். அதான் காதுல ஏறல."

"ஆமாக்கா."

அக்கா தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பாட்டில் நிறையத் தண்ணீர் இருந்தது.

மாமா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வார்டு இருந்தது ரெண்டாவது மாடியில், லிஃப்டை ஒட்டினாற்போல. லிஃப்ட் மேலே போயிற்று. கீச்சென்று ஒரு சத்தம், பிறகு கடகடவென்று கதவு. பூட்டம்மா பத்தொன்பது வருஷமாக இந்தக் கட்டிடத்தில் வேலை பார்க்கிறாள். அந்தச் சத்தத்தை இன்றைக்குத்தான் கேட்டாள்.

அவள் பார்வை போன பக்கம் அவரும் பார்த்தார். வார்டு வாசல் வழியே, லிஃப்ட் கதவுக்கு மேலே சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன.

"ஓடுதா?" என்றார்.

தலையை ஆட்டினாள்.

"சத்தம் வருதா?"

'கீச்சுன்னு வருது' என்று எழுதிக் காட்டினாள்.

"மேல போறப்பவா, கீழ வர்றப்பவா?"

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதினாள். அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். மன்னித்த பார்வையா, மன்னிக்காத பார்வையா என்று அவளுக்கு விளங்கவில்லை.

"போய்க் கேட்டுட்டு வா" என்றார் உரக்க. "கதவுல காத வெச்சுக் கேளு. எத்தனாவது மாடில வருதுன்னு சரியா கேட்டுட்டு வந்து சொல்லு."

பூட்டம்மா எழுந்து போனாள். வராந்தாவில் அக்கா சுவரைப் பார்த்து நின்றிருந்தாள், திரும்பவில்லை. பூட்டம்மா லிஃப்ட் பொத்தானை அழுத்திவிட்டு, கழுத்துச் சாவி கதவில் இடித்துச் சத்தம் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு, இரும்பில் காதை வைத்தாள். மேலே ஒரு தடவை போனது, கீழே ஒரு தடவை வந்தது. அவளுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினாள்.